மாத மளிகையை எங்கே வாங்குவது: அண்ணாச்சி கடையா, சூப்பர் மார்க்கெட்டா, கீழமாசி வீதியா?

விளாங்குடி வீட்டுக்காரி

எல்லாருக்கும் வணக்கம். மதுரை விளாங்குடியில் இருக்கிறோம். வீட்டில் நான், வீட்டுக்காரர், அத்தை, ஒன்பதாவது படிக்கும் பையன், ஐந்தாவது படிக்கும் மகள், ஆக ஐந்து பேர். பால், காய், கறி, கேஸ் இதெல்லாம் தனி. மளிகைக்கு மட்டும் மாதம் 7,000 என்று ஒதுக்கி வைக்கிறேன். ஆறு மாதமாக 9,000-க்குக் கீழே ஒரு தடவைகூட வரவில்லை.

எங்கேதான் ஓட்டை என்று பார்த்துவிடுவோம் என்று மூன்று மாதம் நோட்டு போட்டு எழுதினேன். பையனுடைய பழைய கணக்கு நோட்டின் பின்பக்கம்தான். எந்தக் கடை, என்ன விலை, என்ன எடை, எல்லாம் இருக்கிறது.

முதல் மாதம் முழுக்கத் தெருமுனை அண்ணாச்சி கடை. மாமனார் காலத்திலிருந்து அங்கே எங்களுக்குக் கணக்கு உண்டு. லிஸ்டைக் கொடுத்தால் கடைப் பையன் சைக்கிளில் கொண்டுவந்து போட்டுவிடுவான். துவரம்பருப்பு கிலோ 138, உளுந்து 142, பொன்னி அரிசி 25 கிலோ 1,550. மொத்தம் 9,310.

இரண்டாம் மாதம் பெரிய சூப்பர் மார்க்கெட். பெயர் வேண்டாம். பருப்பு 126, உளுந்து 133, சீனியும் கிலோவுக்கு மூன்று ரூபாய் குறைவு. லிஸ்டில் எழுதிக்கொண்டு போனதை மட்டும் கூட்டிப் பார்த்தால் 8,450தான். ஆனால் பில் 10,270. மகளையும் கூட்டிக்கொண்டு போனதும், தள்ளுவண்டியை எடுத்ததும் என் தப்பு. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று நூடுல்ஸ், ஒரு புதுத் தோசைக்கல், ஏழு டப்பா கொண்ட பிளாஸ்டிக் செட். அந்தச் செட்டில் இன்றுவரை ஒரு சாமானும் போட்டு வைக்கவில்லை. டப்பாவுக்குள் டப்பா, அதற்குள் இன்னொரு டப்பா என்று பரணில் இருக்கிறது. நெய்க்குப் பத்து சதவீதம் தள்ளுபடி என்று தட்டில் சீட்டு ஒட்டியிருந்தார்கள். பில்லில் முழு விலை. கேட்டால், "அது நேத்தோட முடிஞ்சிருச்சு மேடம், சீட்டைக் கிழிக்க மறந்துட்டாங்க." பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது என்னத்தைச் சண்டை போடுவது.

மூன்றாம் மாதம் கொஞ்சம் அண்ணாச்சி கடை, கொஞ்சம் சூப்பர் மார்க்கெட். கூடவே பையன் போனில் வைத்திருக்கும் பத்து நிமிஷ ஆப். மொத்தம் 9,640. அதில் ஆப்புக்கு மட்டும் 1,912 போயிருக்கிறது. வீட்டுக்காரர் போனில் பணம் அனுப்பிய கணக்கைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. கொத்தமல்லி இல்லை என்றால் ஆர்டர். அதற்கு டெலிவரி காசு வரும் என்று, அதைத் தவிர்க்க இரண்டு சிப்ஸ் பாக்கெட்டும் ஒரு ஜூஸும் சேர்த்து ஆர்டர்.

இப்போது பக்கத்து வீட்டு அக்கா, "கீழமாசி வீதிக்குப் போ, மொத்த விலைக்கு வாங்கலாம்" என்கிறார். டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் கிடையாது, போவது ஓசிதான். ஆனால் மூட்டையோடு திரும்பி வர ஆட்டோதான் பிடிக்க வேண்டும், 250-க்குக் குறைந்து வர மாட்டார்கள். அவ்வளவு கொடுத்துப் போய் வருவதில் என்ன மிஞ்சும்? இரண்டு வருஷம் முன்னால் மலிவு என்று 10 கிலோ உளுந்து வாங்கி வைத்து, பாதியை வண்டுக்குக் கொடுத்த அனுபவமும் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2020 ஊரடங்கில் வீட்டுக்காரருக்கு இரண்டு மாதம் சம்பளம் வரவில்லை. அண்ணாச்சி ஒரு வார்த்தை கேட்கவில்லை, எப்போதும் போல லிஸ்டை வாங்கிச் சாமானை அனுப்பிக்கொண்டே இருந்தார். வேறு இடத்தில் வாங்கிய மூட்டையோடு அவர் கடையைத் தாண்டித்தான் நான் வீட்டுக்குப் போக வேண்டும். இதை நோட்டில் எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியவில்லை.

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கோச்சடை பேச்சிலர்

அக்கா, முதலில் தம்பி போனில் இருக்கும் ஆப்பைத் தூக்குங்கள். நானும் அதில்தான் மாட்டியிருந்தேன். அங்கே விலை கூடுதல் என்று சொல்ல மாட்டேன், சில சாமான் கடையை விடக் குறைவாகவே இருக்கும். ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு தடவை கடைக்குப் போவதும் அதுவும் ஒன்றுதான்.

சூப்பர் மார்க்கெட்டில் எண்ணெய் வாங்கினால் பாக்கெட்டைத் திருப்பி எடையைப் பாருங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம் இருக்கும். இப்போது அதே உயரத்தில், அதே அகலத்தில் 850 கிராம், 800 கிராம் பாக்கெட்டும் பக்கத்திலேயே அடுக்கியிருக்கிறார்கள். போன வாரம் நான் பார்த்தது: 910 கிராம் 158 ரூபாய், வேறு கம்பெனியின் 850 கிராம் 150 ரூபாய். எட்டு ரூபாய் மிச்சம் என்று கை தானாக 150-க்குத்தான் போகிறது. கணக்குப் போட்டால் அதே விலையில் 910 கிராமுக்கு 160 ரூபாய் 59 காசு ஆகிறது. கிராமுக்கு எவ்வளவு என்று பாக்கெட்டிலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள், அதைப் பாருங்கள் போதும்.

குளியல் சோப்பு, பேஸ்ட், ஷாம்பு எல்லாம் அங்கேயே வாங்கலாம், ஆஃபர் நிஜமாகவே இருக்கும். 2025 செப்டம்பர் 22-லிருந்து இதற்கெல்லாம் ஜிஎஸ்டி 18-லிருந்து 5 ஆகிவிட்டது. ஆஃபர் என்று எழுதியிருந்தால், வரி குறைந்த விலைக்கு மேல் தள்ளுபடியா, இல்லை பழைய விலையில் கழித்துக் காட்டுகிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழமாசி பழைய ஆள்

அம்மா, நான் கீழமாசி வீதியில் ஒரு பருப்பு மண்டியில் 31 வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்தவன். இப்போது வீட்டில் சும்மாதான் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்கள் நோட்டைப் பற்றி முதலில் ஒரு கேள்வி. அண்ணாச்சி கடையில் 138, சூப்பர் மார்க்கெட்டில் 126 என்று எழுதியிருக்கிறீர்கள். அது இரண்டும் ஒரே பருப்பா? துவரம்பருப்பு என்பது ஒரு சாமான் இல்லை. நம் நாட்டுச் சரக்கு இருக்கிறது, பர்மாச் சரக்கு இருக்கிறது, ஆப்பிரிக்காவிலிருந்து வருவது இருக்கிறது. ஒவ்வொன்றிலும் நயம், நடுத்தரம், குருணை கலந்தது என்று ரகம் உண்டு. மண்டியில் ஒரே நாளில் ஒரே சுவரோரம் அடுக்கியிருக்கும் மூட்டைகளுக்குள்ளேயே கிலோவுக்கு 20 ரூபாய் வித்தியாசம் நான் எழுதியிருக்கிறேன். பளபளவென்று வழுக்கிக்கொண்டு போனால் அது பாலிஷ் போட்ட பருப்பு. கொஞ்சம் மங்கலாக, உள்ளங்கையில் லேசாக மாவு ஒட்டினால் நல்லது. குக்கரில் எத்தனை விசிலுக்குக் கரைகிறது என்று அதையும் நோட்டில் எழுதுங்கள். இரண்டு விசில் கூடப் போனால் அந்த மிச்சத்தில் கொஞ்சம் கேஸுக்குப் போயிற்று என்று அர்த்தம்.

கீழமாசி வீதியில் இருக்கும் கடையெல்லாம் மொத்தக் கடை என்று நினைத்து வராதீர்கள். "பருப்பு கிலோ என்ன விலை" என்று கேட்டீர்களானால் சில்லறை விலைதான் சொல்வார்கள், உங்கள் தெருவுக்கும் அதற்கும் ஐந்து ரூபாய்கூட வித்தியாசம் இருக்காது. "அஞ்சு கிலோவா எடுத்தா என்ன போடுவீங்க, பத்து கிலோவா எடுத்தா என்ன போடுவீங்க" என்று கேட்க வேண்டும். மூன்று கடையில் கேளுங்கள். மாதம் பிறந்து முதல் வாரமும் தீபாவளி, பொங்கலுக்கு முந்தின பத்து நாளும் வரவே வேண்டாம். அப்போது உங்களிடம் பேசக்கூட ஆள் இருக்காது. மாத நடுவில், கிழமை நாளில், பதினோரு மணி வாக்கில் வந்தால் மூட்டையைப் பிரித்துக் காட்டுவார்கள்.

எல்லாச் சாமானையும் இங்கே தேட வேண்டாம். உங்கள் பில்லைத் தூக்கி நிறுத்துவது அரிசி, பருப்பு, உளுந்து, எண்ணெய், இந்த நாலும்தான். கடுகு, சீரகம், வெந்தயம், பெருங்காயம் எல்லாம் 100 கிராம் வாங்குகிற வீட்டுக்கு இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் வித்தியாசம். அதை அண்ணாச்சி கடையிலேயே வாங்குங்கள்.

அரிசியில் ஒரு விஷயம். 25 கிலோ வரை பை போட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி, 2022 ஜூலை 18-லிருந்து. 25-க்கு மேல் போனால் அந்த வரி இல்லை. அதனால்தான் 26 கிலோ சிப்பம் என்று ஒன்று பிறந்தது. ஒரு கிலோ கூட இருப்பதால் விலை கூடுதலாகத் தெரியும், பயப்படாமல் கிலோவுக்கு வகுத்துப் பாருங்கள். அதே மாதிரி, மூட்டையிலிருந்து உங்கள் கண் முன்னால் எடை போட்டுத் தரும் பருப்புக்கும் வரி கிடையாது. பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டி வந்தால் உண்டு.

புளி, வற்றல், மல்லி மூன்றும் வருஷச் சாமான். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது வாங்கி, கொட்டை நார் எடுத்து, வெயிலில் காயப்போட்டு, கல்லுப்பு தூவி ஜாடியில் அமுக்கி வைத்தால் அடுத்த மாசி வரை கவலை இல்லை. நாள் ஆக ஆகக் கறுக்கும், ஆனால் கெடாது. ஐப்பசி மழையில் புளி வாங்குகிறவர்கள் ஈரத்துக்கும் சேர்த்து எடை கொடுக்கிறார்கள். எங்கள் முதலாளி வீட்டிலேயே அந்த நேரத்தில் புளி வாங்க மாட்டார்கள்.

வண்டுக்கு வருவோம். பருப்பு, உளுந்து இரண்டு மாதத்துக்கு மேல் சேர்த்து வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. வாங்கியதும் அரை நாள் நல்ல வெயில். அப்புறம் முக்கியமானது, நிழலில் விரித்து நன்றாக ஆறவிட வேண்டும். நீங்கள் அன்றைக்குச் சூட்டோடு டிரம்மில் போட்டு மூடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உள்ளே வேர்த்துவிடும், அப்புறம் வண்டுக்குக் கேட்பானேன். ஆறிய பிறகு நாலு வர மிளகாய் போட்டு மூடுங்கள்.

ஆட்டோக்காசு ஒரு வீட்டுக்குக் கட்டாது. மூன்று வீடு சேர்ந்து வாருங்கள், லோடு ஆட்டோ பேசலாம்.

அண்ணாச்சியைப் பற்றிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. உங்கள் அண்ணாச்சியும் எங்கள் தெருவில்தான் சரக்கு எடுத்திருப்பார், சிட்டை எழுதியது நானாகக்கூட இருக்கலாம். கடன் கணக்கு விலை வேறு, ரொக்க விலை வேறு. "ரொக்கமா அஞ்சு கிலோ எடுத்தா என்ன போடுவீங்க அண்ணாச்சி" என்று அவரிடம் என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

ஆனையூர் அக்கா

தங்கச்சி, இவ்வளவு எழுதினியே, ரேஷன் கடையைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே? கார்டு அரிசி அட்டைதானே? துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய், சீனி கிலோ 25, உங்கள் வீட்டுக்கு இரண்டு கிலோ வரும். அரிசிக்குக் காசே கிடையாது. எங்கள் வீட்டில் ரேஷன் புழுங்கலரிசி மூன்று பங்கு, கடை இட்லி அரிசி ஒரு பங்கு போட்டு ஆட்டுகிறேன், தோசை நன்றாகத்தான் வருகிறது. சோற்றுக்குத்தான் சில மாதம் வாடை அடிக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன்.

கைரேகை விழவில்லை, சரக்கு வரவில்லை என்று அலைச்சல் உண்டு. மாத முதல் வாரம் போகாதே, நடுவில் போ, வரிசை இருக்காது. பருப்பு வேகாது என்பார்கள். முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டால் ஏன் வேகாது?

காய் தனிக் கணக்கு என்று சொல்லியிருக்கிறாய், இருந்தாலும் சொல்கிறேன். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையே நம் மதுரை அண்ணாநகரில்தான், 1999 நவம்பர் 14-இல் ஆரம்பித்தது. நமக்கு ஆனையூரிலேயே ஒன்று இருக்கிறது. வாசலில் அன்றைய விலை எழுதிய போர்டு இருக்கும், அதைப் படித்துவிட்டு உள்ளே போ. எடைக்கு மேல் ஒரு கொத்துக் கறிவேப்பிலை, இரண்டு பச்சைமிளகாய் கேட்டால் தருவார்கள். உன் பையன் ஆப்பில் கொத்தமல்லி வாங்குவதைப் படித்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது.

விளாங்குடி வீட்டுக்காரி

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

ஐயா கேட்ட கேள்வியில் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நோட்டைப் புரட்டினால், இரண்டாம் மாதப் பக்கத்தின் ஓரத்தில் என் கையெழுத்திலேயே "சாம்பார் கரையலை, அத்தை முனகல்" என்று இருக்கிறது. அந்த 126 ரூபாய்ப் பருப்பு! விலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா, மாடி வீட்டுத் தங்கச்சி, நான், மூன்று பேரும் ஒரு புதன்கிழமை போனோம். பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தோம். முதல் கடையில் வழக்கம்போல "கிலோ என்ன விலை" என்று வாய் தவறிக் கேட்டு, 134 என்றார்கள். அடுத்த கடையில் ஐயா சொன்ன மாதிரி கேட்டோம். மூன்று வீட்டுக்கும் சேர்த்துப் பதினைந்து கிலோ என்றதும் 124. கடைக்காரர் மூட்டையில் குச்சி மாதிரி ஒன்றைக் குத்தி, அதன் பள்ளத்தில் வந்த பருப்பைக் கையில் கொட்டினார். மாவு ஒட்டியது. அத்தை இருந்திருந்தால் வாயில் போட்டுக் கடித்தும் பார்த்திருப்பார்.

என் பங்குக்குப் பருப்பு 5 கிலோ, உளுந்து 4 கிலோ 129 விலையில், அரிசி 26 கிலோ சிப்பம் 1,508, அப்புறம் கடலை எண்ணெய். அண்ணாச்சி கடை விலையோடு பார்த்தால் பருப்பில் 70, உளுந்தில் 52, அரிசியில் கிலோவுக்கு 4 வீதம் 104, எண்ணெயில் 60, ஆக 286. லோடு ஆட்டோ 270 பேசினோம், வீட்டுக்கு 90. மிச்சம் 196 ரூபாய். ஒரு முழுக் காலை, இரண்டு காபி, ஒரு முதுகு வலி. காபிக் காசைக் கணக்கில் எழுதவில்லை.

ஆனையூர் அக்காவுக்குத்தான் பெரிய கும்பிடு. பருப்பு வேகாது என்று இத்தனை நாள் ரேஷன் சாமானைத் தொடாமல் விட்டிருந்தேன். பருப்பில் 108, சீனியில் 42, பலகாரத்துக்குப் பாமாயில் வைத்துக்கொண்டதில் 133, ஆக 283. நடந்து போகிற தூரத்தில் இருக்கும் கடை, கீழமாசியை விடக் கூடக் கொடுத்துவிட்டது. முதல் தடவை அத்தையின் கைரேகை விழவில்லை, என்னுடையதைப் போட்டுச் சமாளித்தோம்.

ஆப்பை எடுத்துவிட்டோம். பையன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான், மூன்றாம் நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கொத்தமல்லி வாங்கப் போனான். மாத மொத்தம் 7,930. ஏழாயிரம் இன்னும் வரவில்லை. புளி வாங்கும் மாசியில் எப்படியும் மறுபடி எகிறும்.

இப்போது அண்ணாச்சி கதை. எங்கள் தெருவுக்குள் லோடு ஆட்டோ திரும்பாது என்பதை நான் யோசிக்கவே இல்லை. டிரைவர் நேராகக் கொண்டுபோய் அண்ணாச்சி கடை வாசலில் நிறுத்திவிட்டார். எனக்குத் தலை நிமிரவில்லை. அண்ணாச்சி இறங்கி வந்தார், பருப்புப் பையின் வாயைப் பிரித்தார், நாலு பருப்பை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார், ஒன்றைக் கடித்தார்.

"நல்ல சரக்குதான். என்ன போட்டான்?"

"124 அண்ணாச்சி."

"எனக்கே 120-க்கு மேலதான் அடக்கமாவுது. மூணு வீடும் சேர்ந்துதானே போனீங்க? அடுத்த தடவை என்கிட்ட முன்னாடியே சொல்லுங்க. ரொக்கம்னா 126 போட்டுத் தர்றேன். ஆட்டோக்காரனுக்குக் குடுத்ததைக் கூட்டிப் பாருங்க, யாரு மலிவுன்னு தெரியும்."

கூட்டிப் பார்த்தேன். பருப்பில் அவர் சொல்வது சரி. அரிசிக்கும் 26 கிலோ சிப்பம் வரவழைக்க முடியுமா என்று கேட்டேன், "பார்ப்போம்" என்றார். அன்றைக்கே கடுகு, சீரகம், ஒரு பெருங்காய டப்பா வாங்கிக்கொண்டேன். சிப்பத்தை எப்படித் தூக்கிக்கொண்டு போவது என்று நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, அவர் கடைப் பையன் அதைத் தன் சைக்கிள் கேரியரில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தான்.